கோயிலானுக்கு வைத்த உப்பு

ஏப்ரல் 16, உயிர்ப்பு ஞாயிறு

தவக்காலம் முடிந்தது. காலையில் கறிக்குழம்பு. மிச்சக் கறியை உப்புக்கண்டம் போட்டு மாடிக் கொடியில் கட்டியிருக்கிறேன். காக்காவுக்குக் காவல் நான்தான். வீட்டுக்காரர் இவர் காவல் இருந்தால் காக்காவோடு பேசிக்கொண்டிருப்பார்.

தொழுவில் மாடு 31. கன்று 8. மழை இல்லை. அடிவாரத்தில் புல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் எங்கள் மலைமாடுகள் சருகையும் முள்ளிலையையும் கடித்துக்கொண்டு பாறை மேல் ஏறுகின்றன. விலைக்குத் தீவனம் ஒரு பிடி வாங்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, பீடமும் மணியும் பார்க்கும் கோயில்பிள்ளை மிக்கேல் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"சலேத்து, ஜூன் பதிமூணு திருநாளுக்கு ஒங்க காளை கோயிலானத் தயார் பண்ணிரு. சட்டி கழுவச் சொல்லியாச்சு."

"அவன் தயாராத்தான்ண்ணே இருக்கான். நீங்க சட்டியப் பெருசாப் பாத்துக் கழுவுங்க."

இவர் பக்கத்தில்தான் நின்றார். பெயர்தான் வேதசாட்சி பங்கிராஸ், இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க நான்தான் வேதசாட்சியாக வேண்டும். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ஜோடி செருப்பு மாட்ட இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் இன்று ஆரம்பம். ஒன்பதாவது செவ்வாய் திருநாளன்றே விழுகிறது. இப்படி அமைவது எப்போதாவதுதான். நவநாள் புத்தகத்தை வழக்கம்போல் நான்தான் வாசித்தேன். பள்ளிக்கூடம் போகாதவள், செபப் புத்தகத்தில் விரல் வைத்து வைத்து எழுத்துப் படித்தவள். இன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துத்தான் மறுமொழி சொல்கிறார்கள். இது பெருமை என்றால் கர்த்தர் மன்னிக்கட்டும்.

நேர்ச்சை விவரத்தையும் எழுதி வைக்கிறேன். நான்கு வருடம் முன்பு கோமாரி வந்து பாதித் தொழு காலியானது. இனம் பெருக்கும் பொலிகாளையும் போனது. அப்போது கோயில் படியில் முட்டி போட்டு, "இதற்குப் பிறகு பிறக்கும் முதல் காளைக்கன்று உமக்கு. வளர்ந்ததும் உம் திருநாளில் ஊரே உண்ணும் அசனத்துக்குக் கொண்டு வந்து கட்டுகிறேன்" என்றேன். கோமாரி நின்றது. கோயிலான் பிறந்தான். காதில் சிலுவை போல் கீறி விட்டோம். அப்படிக் கீறிய மாட்டை எங்கள் ஊரில் யாரும் விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள்.

கறுப்புச் செவலை. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. நெஞ்சு மட்டும் பானை. மலைப்பாறையில் அவன் ஏறும்போது குளம்புச் சத்தம் கேட்காது.

மாடு மேய்க்கும் போதுராசு இன்று தொழுவில் நின்று கேட்டான்: "ஏக்கா, அந்தோணியாருக்கு வேற மாடே கெடைக்கலையாக்கா? இருக்குறது ஒத்தப் பொலிகாள."

"நேந்தது நானு. ஒனக்கென்ன?"

"எனக்கென்ன. ஒங்க சாமி, ஒங்க மாடு, ஒங்க பல்லு."

அவன் பேச்சு சரியில்லை. எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

மலைக்கு மேலே குமுளிப் பக்கத்திலிருந்து மாட்டு வியாபாரி வர்க்கிச்சன் வந்தார். காயடித்த எருது இரண்டைப் பார்த்து வைத்துக்கொண்டார். ஜூன் கடைசியில் லாரி வரும்.

வழக்கமான கேலிதான். "சேச்சி, இது மாடோ, வலிய ஆடோ? மிக்கேல் வீட்டுக் காளையப் பாரு, ஆன மாதிரி!"

"அந்த ஆனைக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை பிண்ணாக்கு. எங்க ஆடு அவுத்து விட்டாத் தின்னுட்டு வரும்."

"அது சரி. இறைச்சி ருசியும் இதுக்குத்தான், கேட்டோ."

போகும்போது கோயிலானையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகைத் தடவினார். ஏன் தடவ வேண்டும்?

ஏப்ரல் 25, செவ்வாய்

சாயந்திரம் மாடு 30.

இரண்டு தரம் எண்ணினேன். கோயிலான் வரவில்லை.

"மேல சோலைக்குள்ள போயிட்டான்க்கா. வெயிலுக்கு நெழல் தேடிப் போயிருப்பான். வருவான்" என்கிறான் போதுராசு. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மாட்டு வாலைப் பார்த்துச் சொன்னான்.

ஏப்ரல் 27, வியாழன்

வரவில்லை.

சிறுத்தை அடித்திருந்தால் கழுகு வட்டமிடும். வானம் வெறுமனே கிடக்கிறது. காட்டிலாகாவிலும் விசாரித்தாயிற்று. மாடு தொலைந்தால் மேய்ப்பவனுக்குச் சோறு இறங்காது. போதுராசு நேற்று எங்கள் வீட்டில் மூன்று தட்டு கூழ் குடித்தான், வெங்காயம் கேட்டு வாங்கிக் கடித்தான்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

மே 2, செவ்வாய்

மூன்றாவது செவ்வாய். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோணியாருக்கு மிஞ்சிய புனிதர் இல்லை. போன வருடம் கூட வின்சென்ட் வீட்டுத் தோடு சாம்பலிலிருந்து கிடைத்தது. அதனால் இன்று நவநாளில் என் வேண்டுதல் கருத்தைச் சத்தமாகவே சொன்னேன்: "காணாமல் போன கோயிலான் திருநாளுக்குள் கிடைக்கும்படியாக."

மிக்கேல் அண்ணன் பீடத்தில் பூ வைத்துக்கொண்டே சொன்னார்: "பாவம் அந்தோணியாரு. அவரு சோத்துக்கான மாட்ட அவரே தேடி அலையணுமாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆண்கள் பக்கம் திரும்பினால் இவரும் சிரிக்கிறார். கல்யாணத்துப் புகைப்படத்திலேயே சிரிக்காத மனிதர். வீட்டுக்கு வந்து, எதற்குச் சிரித்தீர்கள் என்றேன். "இருமல்" என்றார்.

மே 5, வெள்ளி

அடுத்த ஊர் சந்தைக்கு வர்க்கிச்சன் லாரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு மாடு. ஒவ்வொன்றின் காதையும் பிடித்துப் பார்த்தேன்.

வர்க்கிச்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்டெ மாதாவே! காதுல குரிசு போட்ட மாட்ட நான் கொண்டுபோவேனா? புண்ணியாளன் என்ன விட்டாலும் எங்க அம்மச்சி விடுமா? வெறகுக்கட்டையால அடிக்கும், சேச்சி."

அவர் பயந்தது நிஜப் பயம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வர்க்கிச்சன் இல்லை என்றால் மிச்சம் போதுராசுதான். இதில் கணக்குத் தப்பாது.

மே 9, செவ்வாய்

உப்பு.

மாட்டுக்கு வைக்கும் கல்லுப்பு மூட்டை பெந்தகோஸ்து வரை வர வேண்டியது. இன்றைக்கே தரை தட்டுகிறது. சாயந்திரம் தொழுவில் கல்லின் மேல் உப்பு வைப்பது நான். என் கை அளவு மாறவில்லை.

போதுராசு அள்ளிப்போய் விற்கிறான். பொலிகாளையை விற்றவனுக்கு உப்பு எம்மாத்திரம்.

இவர் இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து போகிறார். மேலே சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். தினமுமா பார்ப்பார்கள் சுனையை?

மே 12, வெள்ளி

இன்று வேப்பங்கொட்டை பொறுக்கும்போது தெருவில் ஒருத்தி சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரரு தெனமும் தூக்குவாளியோட மலையேறுறாருல்ல. ஏலக்காய்த் தோட்டத்துப் பொம்பளைக அந்த வழியாத்தான் போவாளுக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவர் சட்டையை மோந்து பார்த்தேன். பூ வாசம் இல்லை, பவுடர் வாசம் இல்லை. மாட்டு வாசம்தான். மாட்டுக்காரர் சட்டையில் மாட்டு வாசம் அடிக்காமல் வேறென்ன அடிக்கும். மனம் ஆறிச் சட்டையைத் துவைத்துப் போட்டேன். பையில் நாலைந்து உப்புக்கல் கிடந்தது. தட்டிவிட்டேன்.

மே 14, ஞாயிறு

மிக்கேல் அண்ணன் வீட்டுக் கலப்புக் காளை செத்துப்போனது. வெயில் தாங்காமல் இரண்டு நாள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றதாம். பிண்ணாக்கு விலைக்கு நகை அடகு வைத்த காளை. புதைக்கக் குழி வெட்ட ஆறு பேர்.

போய்த் துக்கம் கேட்டேன். கேலி பேசிய மனிதர் வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

மே 16, செவ்வாய்

ஐந்தாவது செவ்வாய். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நவநாள் முடிந்ததும் கோயில் முன்னாலேயே போதுராசுவைப் பிடித்துக்கொண்டேன். மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான்.

"கோயிலான எங்கடா வித்த?"

"விக்கலக்கா."

"அப்ப எங்க இருக்கான்?"

கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டான். கூட்டம் சேர்ந்தது. மிக்கேல் அண்ணன் உள்ளே போய் அந்தோணியார் பீடத்திலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் வழக்கம் இது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவன் திரியைக் கையில் பிடித்து, "நான் எடுக்கவில்லை, எனக்குத் தெரியாது" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய் சொன்னால் அவன் வீட்டில் விளக்கு எரியாது. எந்தச் சாதி, எந்தச் சாமிக்காரனும் இதற்குப் பயப்படுவான்.

போதுராசு திரியை வாங்கினான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: "எடுக்கலன்னு அணைக்கிறேன். தெரியாதுன்னு அணைக்க மாட்டேன்."

"அப்பத் தெரியும்!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். எனக்குப் பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குச் சாமியாரை வைத்துப் பேசி முடிவானது: திருநாளுக்கு முந்தின சாயந்திரம் வரை தவணை. அதற்குள் மாடு வர வேண்டும். இல்லை அவன் முழுச் சத்தியம் செய்ய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எங்கள் ஊரில் யாரும் அவனை நம்பி மாடு அனுப்ப மாட்டார்கள். அவனுக்கு மேய்ப்பைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது.

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

மே 20, சனி

வெள்ளச்சி கன்று போட்டது. கோயிலான் கன்று. காளை. நான் தண்ணீர் எடுத்துவந்து பார்ப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டது. தாய்க்கு விலா எலும்பு தெரிகிறது. மடியில் பால் இருக்கிறது. கன்று 9.

இந்த வருடம் பிறந்த கன்று அத்தனையும் அவனுடையதுதான். கோடை இப்படிக் கொளுத்தியும் ஒன்றுகூடச் சாகவில்லை. முந்தின பொலிகாளையின் காலத்தில் நல்ல மழை வருடத்திலேயே இரண்டு மூன்று போகும்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பிறப்புக் கணக்கு, எழுத வேண்டியதுதானே.

மே 23, செவ்வாய்

இன்று நவநாளை முடித்துவிட்டு நானும் மலையேறினேன். இவர் காலையில் போனவர் திரும்பி வருவதற்குள் வேறு வழியாகப் போய்விடலாம் என்று ஒற்றையடிப் பாதையைப் பிடித்தேன். ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் எதிரே வந்தார்கள். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். ஒருத்திக்குப் பல்லில்லை. அது வரை நிம்மதி.

சுனைக்கு மேலே, பள்ளத்துக்குள் ஒரு பெரிய பாறைக் குகை. அதன் வாயில் முள் வெட்டி அடைத்திருந்தது. பாறையின் மேற்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. மழை பெய்து ஐந்து மாதம் ஆகிறது. பாறை எப்படி ஈரமாகும்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மாடு நக்கிய பாறை.

திரும்பி வந்துவிட்டேன். எதையும் பார்க்கவில்லை.

எதையும் பார்க்கவில்லை என்று எழுதிய பிறகும் தூக்கம் வரவில்லை. கோயிலான் இளைக்கவில்லை. முள்ளுக்குப் பின்னால் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தான். இவர் அவன் கழுத்தடியில் சொறிந்துகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

மே 24, புதன்

கடையில் உப்பு ஒரு மூட்டை வாங்கினேன். கடைக்காரர், என்னக்கா கருவாடு போடப்போறீகளா என்றார். ஆமாம் என்றேன்.

இது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

மே 25, வியாழன்

விடிகாலையில் உப்பைத் துணியில் முடிந்து, தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். இவர் எழுந்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது.

எழுந்து பார்த்தேன். முடிச்சு இல்லை.

மே 30, செவ்வாய்

ஏழாவது செவ்வாய். கருத்துச் சொல்லும் இடம் வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அவன் கிடைக்க வேண்டும் என்று வேண்டினால் அந்தோணியார் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார். கிடைக்க வேண்டாம் என்று அவரிடமே எப்படி வேண்டுவது? "என் மனதில் உள்ளபடியாக" என்று மட்டும் சொன்னேன். பெண்கள் மறுமொழி சொன்னார்கள்.

வேதாகமத்தில் அனனியா, சப்பிராள் கதை இருக்கிறது. கடவுளுக்கென்று சொன்னதில் ஒரு பங்கை ஒளித்து வைத்த புருசனும் பெண்டாட்டியும். முதலில் அவன் விழுந்து செத்தான். பிறகு அவள். இன்றைக்கு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மூடிவிட்டேன்.

வரும் வழியில் போதுராசு பெண்சாதி நின்றாள். இடுப்பில் பிள்ளை. "ரெண்டு வீட்டுக்காரக மாட்டப் பிரிச்சுட்டாகக்கா. இனி ஒங்க வீடும் மிக்கேலு வீடுந்தான். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. நாங்க எங்கிட்டுக்கா போறது?"

கம்பு இரண்டு படி அளந்து கொடுத்தேன். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மாட்டு வாலைப் பார்த்துப் பேசிய அவள் புருசன் ஞாபகம் வந்தது.

ஜூன் 4, பெந்தகோஸ்து ஞாயிறு

பேசினோம்.

கூழ் ஊற்றும்போது நானே ஆரம்பித்தேன். "எத்தன நாளைக்குங்க?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "திருநாள் முடியட்டும். எறக்கிருவேன்."

"நேந்தது சாமிக்கு."

"எதுக்கு நேந்த?"

"மந்தை பிழைக்கணும்னு."

"அந்த மந்தை இப்ப அவன்தான், சலேத்து. அவன வெட்டிட்டு வெளியூருப் பொலிகாள ஒண்ணப் பிடிச்சாந்தா, மிக்கேலு வீட்டுக் குழி மாதிரி நம்ம வீட்டுக்கும் குழி. இந்த மலையில பொறந்தது தவிர இந்த மலையில நிக்காது."

"அத என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"ஒன் நேர்ச்சைக்கு எதுரா எப்புடிச் சொல்ல? நீ புத்தகம் வாசிக்கிறவ."

எனக்கு அது அடி மாதிரி விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "குடுக்குறேன்னவ நான். ஒளிச்சவரு நீங்க. பாவத்தப் பங்கு பிரிச்சாச்சு. நடுவுல அந்தப் போதுராசு என்ன பண்ணுனான்?" என்றேன்.

"அவன்தான் எடம் காட்டுனான். ஒரு கிடேரி தர்றேன்னுருக்கேன்."

"கிடேரி வாங்கிட்டு எந்த ஊருல மேய்ப்பான்?"

கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூழ் அப்படியே இருந்தது. நாய்க்கு ஊற்றினேன்.

ஜூன் 6, செவ்வாய்

எட்டாவது. மேகம் கறுத்தது, போய்விட்டது.

ஜூன் 10, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். என் முறை வந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் செய்யாத பாவத்தைச் சொல்ல முடியாது. செய்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

தேர் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மணி அடித்துக் கூட்டினார்கள். போதுராசு வந்தான். குளித்துத் திருநீறு பூசி, துவைத்த வேட்டி கட்டியிருந்தான். பெண்சாதி கோயில் சுவருக்கு வெளியே நின்றாள்.

சாமியார் கேட்டார்: "மாடு வரல. சத்தியம் செய்றியாப்பா?"

"எடுக்கலன்னு செய்றேன் சாமி."

"தெரியாதுன்னு?"

அவன் கையில் கொடுத்திருந்த, எரியும் மெழுகுதிரியைப் பார்த்தான். இவரைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. ஒரு காலை முன்னால் வைத்தார், நின்றார். இந்த மனிதருக்குப் பேச வருவதற்குள் போதுராசு ஊரைவிட்டே போயிருப்பான்.

நான் போய் அந்தத் திரியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அவன் எடுக்கல. கோயிலான் மலையில இருக்கான். ஒளிச்சு வச்சது நானு. நான் சொல்லித்தான் இவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தான்."

தேரில் கட்டிய காகிதப்பூ மட்டும் படபடத்தது. மிக்கேல் அண்ணன்தான் முதலில் பேசினார். "நீயா? காணோம்னு ஒவ்வொரு செவ்வாயும் வாசிச்சியே, அந்தோணியாரு மொகத்தப் பாத்தா?"

"ஆமா."

"வர்க்கிச்சன் லாரியில ஏறிப் பாத்தியே?"

"ஆமா."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் பொய் தயார் பண்ணியிருக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். "அண்ணே, ஒங்க காளை செத்துச்சு. என் கன்னு ஒண்ணுகூடச் சாகல. எல்லாம் அவன் ரத்தம். அவன வெட்டிச் சோறு போட்டுட்டா, அடுத்த வருசம் சாமிக்கு நேர்றதுக்குக்கூட என்கிட்ட மாடு இருக்காது."

இவர் அப்போது, "இல்ல, சாமி, நான்தான்..." என்று ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் விழ வேண்டாம். மாடு பார்க்க ஆள் வேண்டும்.

வர்க்கிச்சனுக்கு என்று நிறுத்திய இரண்டு எருதையும் அசனத்துக்குத் தருகிறேன் என்றேன். சாமியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அது போதும். நேர்ச்சை தீந்துச்சான்னு நான் சொல்ல முடியாதும்மா. அது ஒனக்கும் அவருக்கும் உள்ளது. ஆனா, சபைக்கு முன்னாடி பொய் வாசிச்சுட்ட. நாளைக்கு நவநாள் வேற ஆளு வாசிக்கட்டும்."

புத்தகத்தை இடுப்பில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். மேலட்டை கிழிந்து, நான் மாவு தடவி ஒட்டிய புத்தகம்.

திரியை உள்ளங்கையில் அணைத்தேன். சுட்டது. சப்பிராள் மாதிரி விழுவேன் என்று நினைத்தேன். விழவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன், எரிந்தது.

ஜூன் 13, செவ்வாய், அந்தோணியார் திருநாள்

ஒன்பதாவது செவ்வாய். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் பொண்ணு ரோஸ்லின் வாசித்தாள். வேகமாக வாசிக்கிறாள். "துன்பப்படுவோர்" வரும் இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும், அவள் நிறுத்தவில்லை. பெண்கள் மறுமொழி சொல்லத் தடுமாறி என் பக்கம் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

இன்று கருத்து ஒன்றும் வைக்கவில்லை.

அசனம் நன்றாகவே நடந்தது. எருதுக் கறி பஞ்சாக வெந்திருந்தது. மலை மாட்டுக் கறிக்கு ஒரு கொதி அதிகம் வேண்டும், சொல்லியிருந்தேன், கேட்டிருக்கிறார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்போது போதுராசு வந்து எதிரே குந்தினான். அவனுக்கு மாட்டுக்கறி ஆகாது, சோறும் ரசமும்.

"ஏக்கா, ஒரு கிடேரி வேணும்."

"அதான் எங்க வீட்டுக்காரரு தர்றேன்னுருக்காருல்ல?"

"அது ஒளிச்சதுக்கு. இது நீங்க நடுத்தெருவுல வச்சுத் திட்டுனதுக்கு."

"ரெண்டு கிடேரியா? இதுக்கு நீ திருடியே இருக்கலாம்டா."

"அதான்க்கா நானும் யோசிச்சேன். திருடன்னு பேரும் வாங்கியாச்சு, மாடு மட்டும் இல்லாமப் போச்சேன்னு."

அவன் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீர். வெள்ளச்சியின் மூத்த கிடேரி என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இலை எடுத்தாயிற்று. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அப்போதுதான் மலைப் பக்கமிருந்து காற்று வந்தது, அதன் பின்னாலேயே மழை. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் மழை. பந்தலுக்குள் எல்லாரும் ஒதுங்கினார்கள். ரோஸ்லின்தான் முதலில் பார்த்துக் கை நீட்டிக் காட்டினாள்.

கோயில் வாசலில் கோயிலான் நின்றான்.

கயிறு இல்லை. ஓட்டி வந்தவர் யாரும் இல்லை. மழை முதுகில் ஓடுகிறது. காதுச் சிலுவை தெரியத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யாரோ, "அந்தோணியாரே!" என்றார்கள். இரண்டு மூன்று பேர் முட்டி போட்டார்கள். எல்லாக் கண்ணும் மிக்கேல் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் சட்டியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். ஒரு பெரிய ஏப்பம் விட்டார்.

"கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. குடுத்தவரு, சட்டி கழுவுன பெறகு குடுத்துருக்காரு. அவருக்கு வேணும்னா அடுப்பு எரியும்போதே கொண்டாந்து நிறுத்தியிருக்க மாட்டாரா? பிடிச்சுக்கிட்டுப் போ, சலேத்து."

சாமியார் மழைக்குள் வந்து அவன் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

ஜூன் 14, புதன்

விடிந்ததும் மிக்கேல் அண்ணன் தொழு வாசலில் நின்றார். கையில் கயிறு, கயிற்றில் அவருடைய கலப்புப் பசு.

"சும்மா இப்புடி வந்தேன்" என்றார்.

"பசுவையும் சும்மாத்தான் கூட்டியாந்தீகளாண்ணே?"

"ஏ ஆத்தா, குத்திக் காட்டாத. சின்னக் கன்னாப் பொறந்தாலும் பரவால்ல, நிக்கிற கன்னாப் பொறக்கட்டும். அந்தோணியாரு மாடு, கூலி கீலி கேட்றாத."

கோயிலானிடம் விட்டேன்.

மாட்டுக் கணக்கு: கோயிலான் போக இருந்தது 30. இரண்டு எருது அசனத்துக்கு. ஒரு கிடேரி அவர் கணக்கில், ஒரு கிடேரி என் கணக்கில். கோயிலான் வரவு ஒன்று. மாடு 27. சரி.

நேர்ச்சை தீர்ந்ததா என்று தெரியவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். அடுத்த செவ்வாயிலிருந்து மறுபடி ஒன்பது. வாசிக்க விடாவிட்டாலும் கடைசி வரிசையில் இருந்து மறுமொழி சொல்லலாம்.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு மூடுகிறேன். நேற்று அசனத்தில் இவரை நான் பார்க்கவே இல்லை. இலை எடுத்த பிறகுதான், நனைந்துபோய், பந்தலின் பின்பக்கமாக வந்தார். இன்று வேட்டியைத் துவைக்கப் பிரித்தபோது மடியில் ஈர உப்பு ஒரு பிடி ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்கவில்லை. உப்பைச் சுரண்டி எடுத்து, கோயிலானுக்கு வைத்தேன். நக்கிவிட்டு என் கையையும் நக்கினான், சுட்ட இடத்தில்.